கரை வழியே ஒரு பயணம்: பூதலூர் முதல் கொள்ளிடம் வரை

மலையேறி ஊர் பார்ப்பது ஒரு வகை. கடலோரத்தில் நின்று காற்று வாங்குவது இன்னொரு வகை. மலையும் கடலும் இல்லாத நெல்வயல் நாட்டில் காண என்ன இருக்கிறது என்று, தஞ்சைத் தரணியைப் புகைவண்டியின் சன்னல் வழியே மட்டும் கண்டு செல்வோர் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு விடை தேடுவோர் திருச்சிக்கும் தஞ்சைக்கும் இடையே உள்ள பூதலூர் நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாக வடக்கே பூண்டி வரை சென்று கொள்ளிடக் கரையில் நின்றால், ஒரே நாளில் ஐந்து நீரோட்டங்களைக் கண்டவர்களாவோம். புது ஆறு, வெண்ணாறு, குடமுருட்டி, காவிரி, கொள்ளிடம் என்பன அவை. ஐந்தும் ஒரே காவிரியின் நீர். ஆனால் ஐந்தின் இயல்பும் வேறு வேறு. அவ்வேறுபாட்டை அறிந்துகொள்வதே இப்பயணத்தின் பயன். அறியாமற் போவதால் நேரும் கேடு எத்துணைப் பெரிது என்பதையும் பின்னர்க் காண்போம்.

கரையே பாதை

இந்நாட்டில் உலாவுவதற்கென்று தனியே பாதை அமைக்க வேண்டியதில்லை. ஆற்றின் கரையே பாதை. சமவெளியில் மேடான இடம் அதுதான். மழைக்காலத்தில் வயலும் வரப்பும் ஒன்றாகி நீர் நிற்கும்போதும் கரை காய்ந்து நிற்கும். பள்ளிப் பிள்ளைகள், ஆடு மேய்ப்போர், நாற்றுக் கட்டு சுமப்போர், திருப்பயணிகள் என எல்லாரும் அதன்மேல்தான் நடக்கின்றனர். ஒரு பக்கம் நாணலும் கோரையும் அடர்ந்த ஆற்றுப் படுகை. மறு பக்கம் வாழையும் நெல்லும். புங்கன், மருது, மூங்கில் ஆகியவற்றின் நிழல் ஆங்காங்கே கிடைக்கும். மீன்கொத்தியும் கொக்கும் நாரையும் உடன் வரும்.

ஆனால் கரை என்பது நடப்பதற்காக எழுந்ததன்று. ஆற்றை அதன் எல்லைக்குள் நிறுத்தும் மண்சுவர் அது. முற்காலத்தில் ஊரார் கூடிக் குடிமராமத்து என்ற முறையில் வாய்க்காலைத் தூர்வாரினர்; கரையைச் செப்பனிட்டனர். அப்பெயரிலேயே தமிழக அரசு 2017-இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கரையின்மேல் நடப்பவர் ஒவ்வொருவரும் பலர் மண் சுமந்து எழுப்பிய ஒன்றின்மேல் நடக்கிறார் என்பதை நினைவிற் கொள்வது நன்று.

புது ஆறும் வெண்ணாறும்

பூதலூர்ப் பகுதியில் முதலிற் காணத்தக்கது புது ஆறு. கல்லணைக் கால்வாய் என்பது அதன் அலுவலகப் பெயர். மேட்டூர் அணைத் திட்டத்தின் ஒரு பகுதியாக வெட்டப்பட்டது. அணை திறக்கப்பட்ட 1934-ஆம் ஆண்டிலிருந்து பயனுக்கு வந்தது. பழைய ஆறுகள் தாழ்ந்த நிலத்தின் வழியே ஓடுகின்றன. ஆகவே பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு முதலிய மேட்டு நிலங்கள் வானத்தை நோக்கியே இருந்தன. அவற்றுக்கு நீர் தருவதற்காக, நிலத்தின் உயரம் குறையாத வழியைத் தேடிப் பிடித்து இக்கால்வாயைக் கொண்டு சென்றனர். தஞ்சைப் பெரிய கோயிலின் அருகாகச் சென்று தெற்கே திரும்பும் இதன் நீளம் ஏறத்தாழ 148 கிலோமீட்டர். இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இதை நம்பியிருக்கிறது.

இயற்கையாக உண்டான ஆறு வளைந்து நெளிந்து செல்லும். மணல் மேடும் படித்துறையும் இருக்கும். புது ஆறோ மனிதன் வரைந்த கோட்டில் ஓடுவது. 2021-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சீரமைப்புப் பணியினால் இதன் சரிவுகள் பல இடங்களில் சிமெண்டுத் தளமாக மாறியுள்ளன. நீர் வீணாகாமல் கடைமடைக்குச் செல்ல இது உதவுகிறது. ஆயினும் பாசி படிந்த வழவழப்பான சரிவில் கால் தவறியவர் பற்றி ஏறுவதற்குப் பிடிமானம் இராது. பிள்ளைகளோடு செல்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது வெண்ணாறு. கல்லணையில் காவிரியிலிருந்து பிரியும் இது தென்பெரம்பூரில் வெட்டாறு, வடவாறு என மேலும் கிளைக்கிறது. திருவாரூர்ப் பக்கத்து வயல்களுக்கெல்லாம் இதன் கிளைகளே உயிர். தென்பெரம்பூர்த் தலைப்பில் நின்று மதகுகளின் ஷட்டர்களைப் பார்த்தால், ஓர் ஆற்றைப் பல ஆறுகளாகப் பங்கிடும் வேலை எவ்வளவு நுட்பமானது என்பது விளங்கும். ஷட்டர் சற்று உயர்ந்தால் ஒரு பகுதிக்கு நீர் மிகும். மறு பகுதிக்குக் குறையும். நீர் குறைந்த ஆண்டுகளில் ஆற்றுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்து விடுவார்கள். ஒரே குடும்பத்தில் உள்ள சோற்றை எல்லார்க்கும் பங்கிடும் தாயின் கவலை போன்றது அக்கணக்கு.

திருக்காட்டுப்பள்ளியும் கல்லணையும்

திருக்காட்டுப்பள்ளி காவிரிக்கும் குடமுருட்டிக்கும் இடைப்பட்ட ஊர். குடமுருட்டி காவிரியிலிருந்து பிரிவது இவ்வூரருகேதான். முதன்முறை வருவோர்க்கு இங்கே ஒரு வியப்புக் காத்திருக்கும். திருச்சியில் அகன்று விரிந்து கண்ட காவிரி இங்கே ஒடுங்கிய ஆறாகத் தோன்றும். வடக்கே சிறிது தூரத்தில் ஓடும் கொள்ளிடமோ கண்ணுக்கெட்டும் வரை மணலாக விரிந்து கிடக்கும். பெருமை பெற்ற காவிரி சிறுத்தும், பெயர் குறைந்த கொள்ளிடம் பெருத்தும் இருப்பதேன்?

விடை மேற்கே கல்லணையில் இருக்கிறது. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கோவிலடி, தோகூர் வழியாகப் பேருந்தில் அங்கே செல்லலாம். முக்கொம்பில் காவிரியை விட்டுப் பிரியும் கொள்ளிடம், திருவரங்கத் தீவைச் சுற்றிவந்து கல்லணைக்கருகே மீண்டும் காவிரியை நெருங்குகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. தடுப்பில்லாவிடில் காவிரி நீர் முழுவதும் அப்பள்ளத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். தஞ்சை வயல்கள் காய்ந்துவிடும். அவ்விறக்கத்தை மறித்து, ஆற்று மணலின்மேல் கற்களையும் களிமண்ணையும் கொண்டு எழுப்பிய பழைய அணையே கல்லணை. சோழன் கரிகாலன் கட்டியது என்பது வழிவழி வந்த செய்தி. ஏறத்தாழ 1,080 அடி நீளமுள்ள அவ்வணை நேர்கோடாக இல்லாமல் வளைந்து செல்வது. ஆழம் காணமுடியாத மணலில் அடித்தளம் இடும் வித்தையை இதைக் கண்டே கற்றதாக ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன் எழுதியிருக்கிறார். அவரே முக்கொம்பில் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார்.

ஆகவே பாசனத்துக்கு வேண்டிய அளவு காவிரியிலும் வெண்ணாற்றிலும் புது ஆற்றிலும் செல்ல, வெள்ளத்தின் மிகுதியைக் கொள்ளிடம் ஏற்றுக்கொள்கிறது. கொள்ளும் இடம் என்பதே கொள்ளிடம் ஆயிற்று என்று மக்கள் பொருள் சொல்வர். வயல்களைக் காப்பாற்ற வெள்ளத்தைத் தன்மேல் ஏற்கும் ஆறு அது. அந்தப் பளு சிறிதன்று. மேட்டூர் நிரம்பி வழிந்த 2018-ஆம் ஆண்டில், ஆகஸ்டு 22 அன்று, முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் உடைந்து சென்றன. பின்னர் அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது.

பூண்டியும் கொள்ளிடமும்

காவிரிப் பாலத்தைக் கடந்து வடக்கே சென்றால் நம் மக்கள் நன்கறிந்த பூண்டி மாதா பேராலயம். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய ஆலயம் என்பது மரபு. 1999-இல் பசிலிக்கா என்னும் உயர்வைப் பெற்றது. கொள்ளிடத்தின் வடகரையில், கிழக்கே உள்ள ஏலாக்குறிச்சியிலும் அம்முனிவரின் நினைவு நிலைத்திருக்கிறது. பூண்டியிலிருந்து சிறிது தூரத்தில் கொள்ளிடம். அதன் பாலத்தின் மறுமுனை செங்கரையூர். மாலை வேளையில் பாலத்தின்மீது நின்று மணற்பரப்பையும், அதன் நடுவே வெள்ளிக்கோடாக ஓடும் நீரையும் காண்பது மனத்துக்கு அமைதி தரும் காட்சி.

ஆனால் இவ்விடத்திலேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். 2022 அக்டோபர் 3 அன்று, தூத்துக்குடிப் பகுதியிலிருந்து பூண்டிக்குத் திருப்பயணமாக வந்த குழுவினரில் ஆறு பேர், இக்கொள்ளிடத்தில் குளிக்க இறங்கி மூழ்கி மாண்டனர். மாதாவைக் காண வந்த குடும்பங்கள் கண்ணீரோடு ஊர் திரும்பின. அவர்களுக்காகச் செபிப்பது நம் கடமை. அத்துடன், அத்தகைய துயரம் மீண்டும் நேராதிருக்க அந்த ஆற்றின் இயல்பை அறிந்து பிறர்க்கும் சொல்வது அதனினும் சிறிய கடமையன்று.

பூண்டிப் பெருவிழா மே மாதத்தில் நடைபெறுகிறது. அப்போது கொள்ளிடம் பெரும்பாலும் வெறும் மணல். குழந்தைகள் ஓடி விளையாடுவர். அன்னையின் பிறந்த நாள் விழாவோ செப்டம்பரில். அது மேட்டூர் நீரும் மேற்கு மலைகளின் மழைநீரும் வரக்கூடிய காலம். மே மாதத்தில் கால் சுட நடந்த அதே இடத்தில் அப்போது ஆளை மறைக்கும் ஆழம் இருக்கலாம். வெள்ளம் மணலை ஓரிடத்தில் அரித்து மற்றோரிடத்தில் குவிக்கும். மணல் அள்ளிய இடங்களிலும் பள்ளங்கள் உண்டு. மேலே முழங்கால் அளவு நீராகத் தெரியும். அடுத்த அடியில் மடு. மேலும், இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே முக்கொம்பில் திறந்துவிட்ட நீர் வந்து சேரக்கூடும். மழை இல்லையே என்று நம்புவது இவ்வாற்றில் செல்லாது. நீச்சல் தெரிந்தவரும் இதற்கு விலக்கல்லர்.

செல்வோர்க்குச் சில குறிப்புகள்

நடப்பதற்கு ஏற்ற காலம் தை, மாசி மாதங்கள். சம்பா அறுவடையும் வைக்கோல் மணமும் பனிக்காலைகளும் அப்போது கிடைக்கும். புதுநீர் வருவதைக் காண விரும்புவோர் ஆனி, ஆடியில் செல்லலாம். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. நீர் இரண்டு மூன்று நாளில் கல்லணையை அடையும். ஆனால் நாள் ஆண்டுதோறும் ஒன்றாக இராது. 2022-இல் மே 24 அன்றே திறந்தனர். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. விசாரித்துச் செல்வது நல்லது.

எல்லாத் தூரத்தையும் நடக்க வேண்டுவதில்லை. ஊருக்கு ஊர் பேருந்தில் சென்று, ஒவ்வோர் ஆற்றின் கரையிலும் காலை வெயிலில் ஒரு மணி நேரம் நடந்தாலே போதும். குடிநீரும் குடையும் உடனிருக்கட்டும். பயிரை மிதிக்காமலும், ஆற்றில் நெகிழிப் பையை எறியாமலும் நடப்போம். பங்கிலிருந்து குழுவாகச் செல்வோர், நீரில் இறங்கலாமா, எந்தத் துறையில் இறங்கலாம் என்று ஊர்ப் பெரியவர்களையோ ஆற்றுக் கரையைக் காக்கும் லஸ்கரையோ கேட்டறிய ஒருவரைப் பொறுப்பாக வைக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும், தண்டோரா போட்ட நாளிலும், மாலை மங்கிய பின்னும் இறங்குவதே கூடாது. கொள்ளிடத்தைப் பொறுத்தவரை, பாலத்திலும் கரையிலும் நின்று கண்டு மகிழ்வதோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். உண்ணும் சோற்றுக்கு நீர் எந்த மதகின் வழியே வந்தது, எந்த ஆறு யாருக்காக வெள்ளத்தைச் சுமக்கிறது என்று கரையில் நடந்தபடியே சொல்லிக் கொடுங்கள். கேட்டு வளரும் பிள்ளை ஆற்றுக்கு அஞ்சி ஒதுங்கவும் வேண்டாம். அதை விளையாட்டாக எண்ணவும் வேண்டாம். மதித்து நடக்கக் கற்றுக்கொண்டால் அதுவே போதும்.