பச்சை பியூஸ்

வீட்டில் பியூஸ் போனால் மெழுகுவத்தியைத் தேடுவோம். ஓடுகிற காரில் போனால் எதைத் தேடுவது?

மதுரையில் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து, ஊருக்கு, அதாவது அனுமந்தன்பட்டிக்கு, திரும்புகிறோம். சித்திரை வெயில். "கண்ணில் தூசி படவே கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏ.ஸி.யைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஓட்டியது நான்தான்.

உசிலம்பட்டியைத் தாண்டுவதற்குள் குளிர்ச்சி நின்று அனல் வீசியது. ஓரமாக நிறுத்தி பியூஸ் பெட்டியைத் திறந்தால், சிவப்பு நிறத்தில் இருக்கும் 10 ஆம்பியர் பியூஸ் கருகிக் கிடந்தது. கைவசம் ஒன்று இருந்தது, மாட்டினேன். ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் ஒரு குழியில் வண்டி குதித்தது, அதுவும் போயிற்று. குழிக்கும் பியூஸுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தேனியில் ஒரு சாலையோரக் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "சின்ன பியூஸ் போட்டா இப்படித்தான் அக்கா. இதைப் போடுறேன், ஜென்மத்துக்கும் போகாது" என்று பச்சை நிறத்தில் ஒன்றைச் சொருகினார். அது 30 ஆம்பியர். ஒரு விதத்தில் அவர் சொன்னது சத்தியம். பியூஸ் போகவில்லை!

சின்னமனூர் தாண்டியதும் அம்மா, "ஏதோ கருகுற வாடை" என்றாள்.

"வயலில் வைக்கோல் கொளுத்துவார்களாய் இருக்கும்."

"வைக்கோல் வாடை எனக்குத் தெரியாதாக்கும்? இது வண்டிக்குள்ளே வருதுடி!"

எனக்கு உடம்பு சில்லிட்டது. ஏ.ஸி.யை அணைத்தேன். அம்மாவின் கறுப்புக் கண்ணாடிக்கு மேல் என் முந்தானையைப் போர்த்தி, ஜன்னலை இறக்கிவிட்டு, மெள்ள மெள்ள வீடு வந்து சேர்ந்தேன்.

எங்கள் பக்கம் திராட்சைத் தோட்டங்கள் ஜாஸ்தி. தோட்டம் என்றால் பம்பு செட். பம்பு செட் என்றால் மோட்டார். அந்த மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற பெரியவர் ஒருவர் அடுத்த தெருவில் இருக்கிறார். சிறு வயது முதல் எனக்கு அவர் சித்தப்பா. மாலையில் வந்து பச்சை பியூஸைப் பிடுங்கிப் பார்த்தவர், "திருடன் வந்தாக் குரைக்கிற நாயைக் கட்டிப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்கினியா, தாயி?" என்றார்.

பிறகு வைத்தியர் மாதிரி கேள்விகள். "ஏ.ஸி.யைப் போட்ட உடனே போச்சா, ரொம்ப நேரம் ஓடிச் சூடேறினப்புறம் போச்சா, இல்லே வண்டி குலுங்குறப்போ போச்சா?"

உடனே போனால் எங்கோ கம்பி நேராக இரும்பைத் தொடுகிறது, அல்லது காயில் வெந்துவிட்டது. சூடேறிப் போனால் காயிலின் உட்சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன, அல்லது விசிறி மோட்டார் இறுகிவிட்டது. குலுக்கலில் போனால்? எனக்கு ஆண்டிபட்டிக் குழி ஞாபகம் வந்தது; சொன்னேன்.

கம்ப்ரஸரின் முகப்பில் ஒரு காந்தக் கிளட்ச் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் அது கம்ப்ரஸரை பெல்ட்டோடு சேர்க்கும், அணைத்தால் விட்டுவிடும். அமெரிக்காவில் பாக்கார்டு கம்பெனி தனது 1940-ம் வருஷ மாடல்களில் முதன்முதலாக ஏ.ஸி. வைத்து விற்றபோது இந்தக் கிளட்ச் கிடையாது. குளிர் போதும் என்றால் இன்ஜினை நிறுத்தி, இறங்கிப் போய், பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! அந்தச் சிரமத்தைத் தீர்க்க வந்த காந்தத்துக்குக் கரண்டு கொண்டுபோகும் கம்பியின் மேல்தான் சித்தப்பாவுக்குச் சந்தேகம்.

ஒரு ஹெட்லைட் பல்பில் இரண்டு ஒயரைக் கட்டி, பியூஸ் இருந்த இடத்தில் செருகினார். இனி எத்தனை பியூஸையும் எரிக்க வேண்டாம். கம்பி சரியாக இருந்தால் பல்பு மங்கலாக எரியும். எங்காவது இரும்பைத் தொட்டால் பளீரென்று எரியும். தோள் துண்டை எடுத்து வைத்துவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, என்னை இன்ஜினை ஓட விடச் சொன்னார். ஓடுகிற பெல்ட்டின் அருகே கையைக் கொண்டுபோகாமல், நீளமான மூங்கில் குச்சியால் ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்தார். மங்கல்... மங்கல்... கம்ப்ரஸருக்குக் கீழே ஓர் இடத்தில் குச்சி பட்டதும், பளீர்!

இன்ஜினை நிறுத்திவிட்டுப் பார்த்தோம். முன்பு எப்போதோ பெல்ட் மாற்றியவர்கள் அந்த ஒயரைப் பிடித்திருந்த கிளிப்பைத் திரும்ப மாட்டவில்லை. ஐந்து ரூபாய் பெறுமா அந்தக் கிளிப்? அது இல்லாததால் ஒயர் தொங்கி, இரும்பில் உரசி உரசித் தோல் தேய்ந்து, செம்பு தெரிந்தது. பச்சை பியூஸின் கைங்கரியத்தால் அங்கிருந்து ஒரு முழ நீளத்துக்கு மேல்தோல் உருகிப் பக்கத்து ஒயரோடு ஒட்டியிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. அம்மா மட்டும் வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால்?

வெந்த பகுதியை வெட்டி எறிந்து, அதே கனத்தில் புது ஒயர் பற்றவைத்து, உறை போட்டு, இரும்பில் படாமல் கிளிப்பால் பிடித்தார். மறுபடியும் சிவப்பு பியூஸ்தான். மீட்டரில் பார்த்தால் கிளட்ச் வாங்கியது நாலு ஆம்பியருக்கும் குறைவு.

கூலி கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றார். பச்சை பியூஸை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "உன்கிட்டே இருந்தா என்னிக்காவது அவசரத்துலே மாட்டிருவே."

மறு வாரம் கண்ணைக் காட்ட மதுரைக்குக் கிளம்பினோம். ஆண்டிபட்டிக் குழியில் வண்டி மறுபடியும் குதித்தது. அம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லே, ஓட்டு" என்றாள்.