ஊதுபத்தியும் ஒட்டகமும்

நியூசிலாந்தின் வெலிங்டனில் அந்த வீட்டுக் கார் ஷெட்டுக்குள் நுழைந்ததுமே ஊதுபத்தி வாசனை. சாமி படம் எதுவும் கண்ணில் படவில்லை. மேஜையில் வளைகழுத்து விளக்கு, பூதக்கண்ணாடி, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற கொக்கிகள், நடுவே இரண்டு அடுக்கு இறக்கையோடு ஒரு பழைய விமானம். பெரியவர் ஊதுபத்தியின் கனலும் நுனியை, விமானத்தின் வாலருகே தொய்ந்து கிடந்த ஓர் இழைப் பக்கம் கொண்டுபோனார். தொடவில்லை. இழை சுருங்கி, வீணைத் தந்தி மாதிரி விறைத்துக்கொண்டது.

“மாமா, மூச்சை மெதுவா விடுங்க,” என்றான் அக்கா மகன். அவனோடு வேலை பார்ப்பவருடைய அப்பாதான் இந்தப் பெரியவர். டெலிபோன் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் உலகப் போர்க் காலத்து பைபிளேன்களை, அதாவது இரண்டு அடுக்கு இறக்கை விமானங்களை, 32-இல் ஒரு பங்கு அளவில் கட்டுகிறார். பிளாஸ்டிக் பொம்மைதானே என்ற நினைப்போடுதான் நான் போயிருந்தேன்.

மேஜையில் இருந்தது சாப்வித் கேமல். இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளின் பின்பாகத்தை மூடிய மேடு ஒட்டகத்தின் திமில் போலிருந்ததால் வந்த பெயர். அசலின் இறக்கை எட்டரை மீட்டர். இதில் 27 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஏ4 தாளின் நீளத்துக்குள் அடங்கிவிடும். 72-இல் ஒரு பங்கு கிட்டில் இதே கேமல் 12 சென்டிமீட்டர்கூட வராது. அளவு பெரிதானால் வேலை சுலபம் என்று நினைத்தேன், தலைகீழ். சின்னதில் விட்டுவிடக்கூடியதெல்லாம் பெரிதில் கண்ணில் குத்துகிறது: இருக்கைப் பட்டையின் கொக்கி, துணிக்கு அடியிலிருந்து விலா எலும்பாய் எழும்பும் மரச்சட்டம், தையல்மேல் ஒட்டிய நாடா.

நிறத்தில் ஆரம்பித்தால் பொழுது போதாது. பிரிட்டிஷ் விமானங்களின் மேல்பக்கம் பூசிய பிசி10 என்ற கலவை, மஞ்சள் காவியும் விளக்குக்கரியும் சேர்ந்தது. அது ஆலிவ் பச்சையா, சாக்லேட் பழுப்பா என்று இந்தக் கூட்டத்தில் இன்னும் சண்டை. காபிப் பொடியில் சிக்கரி எவ்வளவு என்று நம் வீடுகளில் நடப்பதைப் போலத்தான். பெரியவர் இரண்டு நிறத்தையும் கலந்துவிட்டு, யார் கேட்டாலும் “வெயிலில் வெளுத்தது” என்று சொல்லிவிடுகிறார்.

இறக்கைகளை இழுத்துக் கட்டும் கம்பிக்கு வந்தபோதுதான் அவர் குரல் மாறியது. அந்தக் கால இறக்கை மரமும் லினன் துணியும் மட்டும். பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தூக்கும். அப்போது பிய்ந்துவிடாமல் பிடிப்பவை ஒரு வகைக் கம்பிகள். தரையில் நிற்கும்போது இறக்கையின் எடையைத் தாங்குபவை இன்னொரு வகை. முதல் வகை அறுந்தால் ஆள் செத்தான், அதனால் அதை இரட்டையாகப் போடுவார்கள். பிரிட்டிஷ் விமானங்கள் பலவற்றில் கம்பி உருண்டையாகவும் இருக்காது. காற்றைக் கிழிப்பதற்காக இலை மாதிரித் தட்டையாக இருக்கும். அதை முறுக்கி, இறக்கையின் சாய்வை அளந்து சரிபார்ப்பவனுக்கு ‘ரிக்கர்’ என்று பெயர். ரிக்கருக்கு யாரும் சிலை வைக்கவில்லை என்றார் பெரியவர். லைன்மேனுக்கும்தான் வைக்கவில்லை என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

மாடலிலோ, மேல் இறக்கையை ஒட்டுவதற்கு முன்பே கம்பி போகும் ஒவ்வோர் இடத்திலும் கையாலேயே துளை போட்டாக வேண்டும். பெரிய கம்பிகளுக்கு இப்போதெல்லாம் ரப்பர் போல இழுபடும் நூல். கை பட்டாலும் அறாது. வாலருகே போகும் மெல்லியவற்றுக்கு மட்டும் பழைய முறை. கிட்டின் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்தியில் காட்டி, இளகியதும் இழுத்தால் மயிரிழையாக நீளும். அதை வெட்டி ஒட்டி, சூடு காட்டினால் இறுகும். ஊதுபத்தி அதற்குத்தான். சந்தனமாக இருந்தாலும் மல்லிகையாக இருந்தாலும் அவருக்கு ஒன்றே.

எனக்கு அங்கே இன்னொரு வீட்டு வாசனையும் கிடைத்தது. கேமலின் எஞ்சினில் ஒன்பது சிலிண்டர்களும் முன்விசிறியோடு சேர்ந்து சுற்றும். அதற்கு ஊற்றியது விளக்கெண்ணெய். பெட்ரோலோடு கலந்து நீர்த்துப்போகாது என்பதால் அது. உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது, வெளியே சிதறும். விமானியின் முகத்திலும் படியும். அன்றைக்கு உலகச் சந்தைக்கு ஆமணக்கு விதை அனுப்பியதில் இந்தியாதான் முதலிடம். சென்னை மாகாணத்துக் காடுகளிலும் அது விளைந்தது. பெரியவர் ஆயில் பெயின்டைத் தண்ணீராய்க் கரைத்து, விமானத்தின் வயிற்றில் பழுப்புக் கறையாக இழுத்துவிட்டார். அது எங்கள் ஊர் எண்ணெய் என்று சொன்னேன். எழுந்து கை குலுக்கினார்.

இந்த கிட்டைப் போட்ட விங்நட் விங்ஸ் கம்பெனி இதே வெலிங்டனில் இருந்ததுதான். சினிமா இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் விமானப் பைத்தியத்தில் பிறந்தது. 2009-இல் முதல் நான்கு கிட்கள் வந்தன. அருங்காட்சியக விமானங்களின் படங்களோடு வந்த அவர்களுடைய செய்முறைப் புத்தகத்தைத் தனியே வைத்துப் படிக்கலாம். 2020-இல் மூடிவிட்டார்கள். சில அச்சுகள் வேறு கம்பெனிகளுக்குப் போயின. அங்கே இருந்தவர்கள் சிலர் கொட்டாரே என்ற பெயரில் நியூசிலாந்திலேயே மறுபடி தொடங்கினார்கள். முதலில் செய்தது ஸ்பிட்ஃபயர், ஒற்றை அடுக்கு இறக்கை. இதே அளவில் புதிய பைபிளேன் வேண்டுமென்றால் உக்ரைன் பக்கமும் பார்க்கலாம். கீவ் நகரத்து ஐசிஎம் கம்பெனி கிளாடியேட்டரும் டைகர் மாத்தும் போட்டிருக்கிறது. டைகர் மாத்தில்தான் நம் விமானப்படையின் ஆரம்பத் தலைமுறை விமானிகள் பலர் பறக்கப் பழகினார்கள்.

விங்நட் விங்ஸ் மூடியதும் அதன் பழைய பெட்டிகளின் விலை ஏறிவிட்டது. பிரிக்காமல் வாங்கி அடுக்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. நெய்யாத நூலைப் பட்டென்று சொல்லி அலமாரியில் வைப்பது மாதிரி இருக்கிறது.

புறப்படும் நேரத்தில் என் முழங்கை தட்டி, எள்ளில் பாதி அளவு பித்தளைக் கொக்கி ஒன்று கம்பளத்தில் விழுந்தது. பெரியவர் கோபிக்கவில்லை. வாக்குவம் கிளீனரின் வாயில் பழைய நைலான் காலுறையைக் கட்டி எடுத்துவந்தார். உறிஞ்சியது எல்லாம் காலுறையில் தங்கும். கால் மணி நேரத்தில் மூன்று கொக்கிகள் கிடைத்தன. இரண்டு முந்தைய வருஷத்து விமானங்களுடையவை.

இரண்டு நாள் கழித்து கப்பலில் நீரிணையைத் தாண்டி, பிளெனம் ஊரில் உள்ள ஒமாகா அருங்காட்சியகத்துக்குப் போனேன். பீட்டர் ஜாக்சன் சேர்த்த முழு அளவு விமானங்கள் அங்கே நிற்கின்றன. டிஎச்.2 விமானத்தின் முன்னால் நின்று எது பறக்கும்போது தாங்கும் கம்பி, எது தரையில் தாங்கும் கம்பி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா மகன் வெளியே போய்க் காபி குடித்துவிட்டே வந்துவிட்டான்.

பெரியவருக்கு வயது 76. வருஷத்துக்கு இரண்டு விமானம் கட்டுகிறார். ஷெட்டுப் பரணில் பிரிக்காத பெட்டிகள் 31 இருக்கின்றன.