மேல எழுதினதுதானே சார் முக்கியம்?

1. சில வருஷம் முன்னாடி ஒரு சாயங்காலம், கிளினிக்ல கடைசி டோக்கன். ஒரு அம்மா 11 மாசக் குழந்தையத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தாங்க. முந்தின நாள் வயித்தால போகுதுன்னு என்கிட்ட மருந்து எழுதி வாங்கிட்டுப் போனவங்கதான். இப்போ குழந்தைக்குக் கண்ணு உள்ள போயிருந்தது. வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா மெதுவாத்தான் படிஞ்சது. அழுதா கண்ணீர் வரல.

2. "ஓஆர்எஸ் கொடுத்தீங்களாம்மா?"
"கையில இருந்த காசுக்கு ஒண்ணுதான் வாங்க முடிஞ்சது சார். முதல்ல எழுதியிருந்த பவுடர் பாக்கெட்ட வாங்கிட்டேன். மேல எழுதினதுதானே சார் முக்கியம்?"
சீட்டை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். முதல் வரி, ப்ரோபயாடிக் சாஷே. ஓஆர்எஸ் நாலாவது வரி.

3. ட்ரிப்ஸ் போட்டு ராத்திரி முழுக்கப் பார்த்துக்கிட்டோம். மறுநாள் மதியம் குழந்தை பால் குடிச்சுது, சிரிச்சுது. அந்தம்மா எனக்கு நன்றி சொல்லிட்டுப் போனாங்க. எனக்குத்தான் அதை வாங்கிக்க முகமில்ல. அந்த சாஷே எப்படி என் சீட்டுல முதல் வரிக்கு வந்துச்சு?

4. யோசிச்சா, ஒரு மெடிக்கல் ரெப் கொடுத்த அட்டைதான் ஞாபகம் வந்தது. "இரைப்பை அமிலத்தையும் பித்தநீரையும் தாண்டி உயிரோடு குடலை அடையும்"னு ஒரு கிராஃப். உயிரோட போனா வேலை செய்யும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். கிராஃப் பொய் சொல்லல. அது எந்தக் கேள்விக்குப் பதில்னு நான்தான் கேக்கல.

5. அதைப் புரிய வெச்சது அக்கா பொண்ணு. எம்எஸ்சி மைக்ரோபயாலஜி, ப்ராஜெக்டே இந்தச் சோதனைதான். "வாங்க மாமா, காட்டுறேன்"னு லேபுக்குக் கூட்டிட்டுப் போனா. இன்ஃபோஜெஸ்ட்னு ஒரு முறை இருக்கு. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து 2014-ல வெளியிட்டது, 2019-ல திருத்தினாங்க. ஒரு குழாய்க்குள்ளயே வாய், இரைப்பை, சிறுகுடல் மூணையும் வரிசையா நடத்திக் காட்டுறது.

6. வாய்க்கு 2 நிமிஷம், செயற்கை உமிழ்நீர். அப்புறம் இரைப்பை: ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பிஎச் 3-க்கு இறக்கி, பெப்சின் சேர்த்து, 37 டிகிரியில 2 மணி நேரம் கலக்கணும். அடுத்து சிறுகுடல்: பிஎச் 7-க்கு ஏத்தி, கணைய என்சைமும் பித்த உப்பும் சேர்த்து இன்னொரு 2 மணி நேரம். கடைசியில உயிரோட மிஞ்சினது எத்தனைன்னு எண்ணணும்.

7. எண்ணுறதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. 1 மில்லி எடுத்து 9 மில்லியில கலந்து, அதுல 1 மில்லி எடுத்து அடுத்த 9 மில்லியில கலந்துன்னு நீர்க்க வெச்சுக்கிட்டே போகணும். கடைசியில அகார் தட்டுல பரப்பி, ரெண்டு நாள் வளர விட்டு, புள்ளி புள்ளியா வர்ற காலனிகளை எண்ணணும்.

8. அவ கேட்டா: "100 கோடி போட்டு, 10 லட்சம் மிஞ்சினா என்ன சொல்வீங்க மாமா?" பரவாயில்லையேன்னேன். "99.9 சதவீதம் செத்துப் போச்சு"ன்னு சிரிச்சா. 10 லட்சம் உயிரோட இருக்குன்னு எழுதினாலும் சரி, 3 லாக் குறைஞ்சதுன்னு எழுதினாலும் சரி, 99.9 சதவீதம் காலின்னு எழுதினாலும் சரி. மூணுமே ஒரே தட்டு. அட்டையில எது வரும்னு உங்களுக்கே தெரியும்.

9. இன்னொண்ணும் சொன்னா. பிஎச் 3-ங்கிறது சாப்பாட்டோட இருக்கும் வயித்துக்கு ஒரு சராசரி. பெரியவங்க வெறும் வயித்துல 2-க்கும் கீழ இறங்கும். 3-ல தாக்குப்பிடிக்கிற பல கிருமிகள் 2-ல தாங்காது. அதனால "அமிலத்தைத் தாங்கும்"னு யாராவது சொன்னா, எந்த பிஎச், எவ்வளவு நேரம்னு கேக்கணும்.

10. எனக்கு உறைச்சது வேற. அவ குழாய்ல சிறுகுடல் 2 மணி நேரம். பேதி ஆகிற குழந்தைக்கு எல்லாமே அடிச்சுக்கிட்டு வேகமா ஓடும். அந்தக் குழாய்ல சளிப்படலம் கிடையாது, நோய் எதிர்ப்பு அணுக்கள் கிடையாது, ஏற்கெனவே குடியிருக்கிற கோடிக்கணக்கான பாக்டீரியா கிடையாது. முக்கியமா, நோயே கிடையாது.

11. உயிரோட போனா போதுமா? எல்ஜிஜி-ன்னு ஒரு லாக்டோபேசிலஸ். 1980-கள்ல கோர்பாக், கோல்டின்னு ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், அமிலத்தையும் பித்தத்தையும் தாங்கும்னு பார்த்தே தேர்ந்தெடுத்தது. பேர்ல இருக்கும் ரெண்டு ஜி-யும் அவங்கதான். பாஸ் மார்க் இல்ல, டிஸ்டிங்ஷன்.

12. அதையே வயித்துப்போக்கோட வந்த 971 அமெரிக்கக் குழந்தைகள்ல சோதிச்சாங்க. 2018-ல நியூ இங்கிலாந்து ஜர்னல்ல வந்தது. நோய் ஓரளவு கடுமையா நீடிச்சது, மருந்து வாங்கினவங்கள்ல 11.8 சதவீதம், வெறும் பவுடர் வாங்கினவங்கள்ல 12.6 சதவீதம். சொல்லிக்கிற வித்தியாசமே இல்ல.

13. நேர்மாறா யோகர்ட்டைப் பாருங்க. அதுல இருக்கும் ரெண்டு பாக்டீரியாவும் குடல்ல அவ்வளவா தாக்குப்பிடிக்காது. ஆனா சிறுகுடல்ல உடைஞ்சு போகும்போது அதுங்க உள்ள இருக்கும் என்சைம் வெளிய வந்து பால் சர்க்கரையை ஜீரணிக்க உதவுது. பால் ஒத்துக்காத பலருக்கு யோகர்ட் ஒத்துக்கிறதுக்கு இது ஒரு காரணம். செத்தும் கொடுக்குது.

14. ப்ரோபயாடிக்கே வேஸ்ட்னு சொல்லவரல. ஒடிசா கிராமங்கள்ல 4,556 பச்சைக் குழந்தைகள்ல ஒரு லாக்டோபேசிலஸ் கலவையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017-ல நேச்சர் இதழ்ல வந்தது. செப்சிஸும் மரணமும் சேர்ந்து 9 சதவீதத்துல இருந்து 5.4 ஆகக் குறைஞ்சது. குறிப்பிட்ட ஸ்ட்ரெயின், குறிப்பிட்ட வயசு, குறிப்பிட்ட பிரச்சனை. இதைக் குழாய் சொல்லாது, மனுஷங்க மேல செஞ்ச ட்ரையல்தான் சொல்லும்.

15. அதே சமயம், கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்கு ப்ரோபயாடிக் கொடுத்த நெதர்லாந்து ட்ரையல்ல (2008) இறந்தவங்க 16 சதவீதம், கொடுக்காதவங்கள்ல 6. "நல்ல பாக்டீரியாதானே, என்ன ஆகிடப் போகுது"ன்னு யாருக்கும் எழுதிட முடியாது. குறை மாசக் குழந்தைகளுக்கும் ஐசியூ நோயாளிகளுக்கும் நீங்களா வாங்கிக் கொடுக்கவே கூடாது.

16. பெற்றோருக்கு. வயித்தால போனா முதல் மருந்து ஓஆர்எஸ். பாக்கெட்ல 1 லிட்டர்னு போட்டிருந்தா முழுசா 1 லிட்டர் தண்ணியில கலக்குங்க, பாதி பாதியா வேண்டாம். 2 வயசுக்குள்ள, ஒவ்வொரு தடவை போனதும் 50-100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனா. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. டாக்டர் சொன்ன அளவுல ஜிங்க் 14 நாள். ஆரம்ப சுகாதார நிலையத்துல ஓஆர்எஸும் ஜிங்கும் இலவசம். கண்ணு உள்ள போனாலோ, ஒண்ணுக்குப் போகலைன்னாலோ, துவண்டாலோ காத்திருக்காதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க.

17. அந்த ரெப் இன்னும் வர்றார், நல்ல மனுஷன். அட்டையை நீட்டினா, "தம்பி, உயிரோட போகுது, சரி. போய் என்ன பண்ணிச்சு?"ன்னு கேப்பேன். அடுத்த தடவை பேப்பரோட வர்றேன் சார்னு சொல்வார்.

18. இப்போ என் சீட்டுல முதல் வரி ஓஆர்எஸ். தமிழ்ல, பெரிய எழுத்துல, அடிக்கோடு போட்டு. "காசு பத்தலன்னா இதை மட்டும் வாங்குங்க"ன்னு வாயாலயும் சொல்லிடுறேன்.