இரும்புப் பெட்டியில் பிறந்த பெயர்

"பாடினவர் படத்தைத் தேடாதே, அம்மா. இருக்காது!" என்று சிரித்தான் என் மகன்.

பெர்லின் நகரத்து இசைத்தட்டுக் கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தோம். என் கையில் இருந்தது, 1993-ல் தொடங்கிய 'பேசிக் சானல்' ஸ்தாபனத்தாரின் தட்டு. அவர்களுடைய பெயரின் எழுத்துக்கள் தட்டுக்குத் தட்டு சிதைந்துகொண்டே போகின்றன. கடைசியில் எழுத்துக் கூட்டிப் படிக்கவே முடியவில்லை! ஆனால் ரசிகர்கள் பார்த்தவுடன் கண்டுகொள்கிறார்களாம்.

டெக்னோ என்பது யந்திரங்களால் உண்டாக்கும் நடன சங்கீதம். அமெரிக்காவின் மோட்டார் நகரமான டெட்ராயிட்டில், 1980-களில் கறுப்பு இளைஞர்கள் தோற்றுவித்தது. பெரும்பாலும் பாட்டு கிடையாது, பாடகரும் கிடையாது. ஆகவே பெயரும் முத்திரையுமே அதற்கு முகம். நம் வீட்டுப் பெரியவர்கள் நாய்ப் படத்தைப் பார்த்துத் தட்டு வாங்கவில்லையா?

மாலையில் கேப்பெனிக்கர் தெருவுக்குப் போனோம். பழைய மின்சார நிலையம் ஒன்றில் 'ட்ரெஸோர்' நடன அரங்கு இருக்கிறது. இரவு ஆட்டத்துக்கு நான் எங்கே போக! வாசலோடு நின்று கதை கேட்டேன்.

ட்ரெஸோர் என்றால் ஜெர்மன் மொழியில் பணக் காப்பறை. லைப்சிகர் தெருவில் வெர்ட்ஹைம் என்ற யூதக் குடும்பத்தார் மாபெரும் கடை வைத்திருந்தார்கள். நாஜிகள் அதைப் பறித்துக்கொண்டார்கள். யுத்தத்தில் குண்டு விழுந்தது. பிறகு கட்டடத்தையே இடித்தார்கள். பூமிக்கடியில் காப்பறை மட்டும் மிஞ்சியது.

1989-ல் பெர்லின் சுவர் வீழ்ந்த பின், இடம் தேடி அலைந்த டிமிட்ரி ஹேகெமானும் நண்பர்களும் அதற்குள் இறங்கினார்கள். உள்ளே துருவேறிய இரும்புப் பெட்டிகள், வரிசை வரிசையாக! பெயருக்காக மூளையைக் கசக்க வேண்டியிருக்கவில்லை, இடமே கொடுத்துவிட்டது. 1991 மார்ச்சில் அங்கே நடனம் தொடங்கிற்று. அதே வருஷம் அதே பெயரில் இசைத்தட்டும் வந்தது. முதல் தட்டு, டெட்ராயிட்காரர்கள் செய்த 'எக்ஸ்-101'.

2005-ல் அந்தக் காப்பறையையும் விட்டு வெளியேறும்படி ஆயிற்று. 2007-ல் இந்த மின்சார நிலையத்துக்குக் குடிவந்தபோது, பழைய பெட்டிகளையும் பெயர்த்துக் கொண்டுவந்தார்களாம்.

அவற்றில் யார் எதைப் பூட்டி வைத்தார்களோ! கடை போயிற்று, காப்பறையும் போயிற்று. பெயர் மட்டும் எங்கெங்கோ உள்ள வீடுகளில், கறுப்புத் தட்டின் நடுவே இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.