சுத்தியும் உளியும்

ஆ. மாதவனின் எழுத்தால் தமிழுலகம் நன்கறிந்த திருவனந்தபுரம் சாலைத் தெருவில் நம் தந்தையார் சிறு பலசரக்குக் கடை நடத்தி வந்தார். 1980களின் நடுப்பகுதியில் ஒரு மாலை, மலையாள நாளேட்டை மடித்து வைத்துவிட்டு, இனி விளக்கு வைத்த சிறிது நேரத்தில் கடையை அடைத்துவிட வேண்டும் என்றார். காரணம் கேட்டோம். "ரிப்பர்" என்னும் ஒற்றைச் சொல்லே விடையாக வந்தது.

வடகேரளத்திலும் அதனை அடுத்த தென்கன்னடத்திலும் இரவில் வீடு புகுந்து, உறங்குவோரைத் தலையில் தாக்கிக் கொன்றுவந்த சந்திரன் என்பவனுக்கு ஏடுகள் சூட்டிய பெயர் அது. பின்னர் அவன் பிடிபட்டு, 1991 ஜூலையில் கண்ணூர் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டான். அவன் உலவிய ஊர்கள் நமக்கு நெடுந்தொலைவு. ஆயினும் சாலைத் தெரு நடுங்கியது.

அந்நாள்களில் நெல்லைச் சீமையிலிருந்து வந்து, தெருத்தெருவாக அம்மி கொத்திப் பிழைத்த முதியவர் ஒருவர் இருந்தார். நம் வீட்டு அம்மியையும் அவரே கொத்தித் தந்தார். இரவில் ஏதேனும் ஒரு கடைத் திண்ணையில் படுத்துக்கொள்வார். ஓரிரவு இளைஞர் சிலர் அவரை மறித்துப் பையைப் பிரித்தனர். உள்ளே சுத்தியும் உளியும் இருந்தன. அம்மி கொத்துபவர் பையில் வேறென்ன இருக்கும்? அவருக்கு மலையாளம் வராது. பாதி அடைத்த நம் கடைப் பலகைகளின் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க, என்னைத் தெரியும்லா?" என்றார்.

தந்தையார் பேசவில்லை. அருகில் நின்ற நாமும், கல்லூரியில் பயின்று மலையாளம் சரளமாகப் பேசவல்ல நாமும், பேசவில்லை. அவரைக் காவல் நிலையத்திற்கு அழைத்துச் சென்று மறுநாள் விட்டுவிட்டதாகக் கேள்வி. அதன்பின் அவர் நம் தெருவிற்கு வரவேயில்லை.

அப்பெயரின் ஊற்றை நாம் அறிந்தது சில ஆண்டுகள் கழித்து, பாளையம் பொது நூலகத்தில். 1888 ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை, இலண்டனின் வறிய பகுதியான ஒயிட்சேப்பலிலும் அதன் அண்டையிலும் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டனர். கொன்றவன் இன்றளவும் அகப்படவில்லை. "ஜாக் தி ரிப்பர்" என்று கையொப்பமிட்டு ஒரு செய்தி நிறுவனத்திற்கு வந்த கடிதமே அவனுக்குப் பெயராயிற்று. அது பத்திரிகையாளர் ஒருவரின் கைவேலை என்று காவல் அதிகாரிகளே பின்னர் கருதினர். அந்தப் பெயர்தான் கடல் கடந்து மலையாள ஏடு வரை வந்திருக்கிறது! மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எட்டோஸ், மேரி ஜேன் கெல்லி என்னும் ஐவரின் பெயர்கள் அவ்வாறு வரவில்லை. முதல்வரான நிக்கல்ஸ், விடுதியில் ஓரிரவுப் படுக்கைக்குரிய நாலு பென்ஸ் இல்லாமல் தெருவிற்கு வந்தவர். ஸ்ட்ரைட் சுவீடனிலிருந்து பிழைக்க வந்தவர். நம்மைப் போல.

கொலையாளியை அறியாத ஊர் அயலாரை ஐயுற்றது. ஜான் பைசர் என்னும் யூதச் செருப்புத் தொழிலாளி, "தோல் ஏப்ரன்" என்னும் பட்டப்பெயரோடு பிடிக்கப்பட்டார். அவ்விரவுகளில் அவர் எங்கிருந்தார் என்று சொல்ல ஆள்கள் இருந்தமையால் விடுவிக்கப்பட்டார். செப்டம்பர் 30 அன்று ஒரே இரவில் இருவர் மாண்டபின், யூதரைக் குறித்துச் சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்ததை, விடிந்தால் கலகம் மூளும் என்றஞ்சி, காவல் ஆணையர் சார்லஸ் வாரன் அழிக்கச் செய்தார். துப்புக் கெட்டது என்று அவரைக் குறை கூறுவோர் பலர். நாம் கூறமாட்டோம்.

பைசருக்காகச் சொல்ல ஆள்கள் இருந்தனர் என்னும் இடத்திற்கு வந்தபோது புத்தகத்தை மூடிவிட்டோம்.

கல்கத்தாவில் 1989இல் நடைபாதையில் உறங்கியோரின் தலையில் கல்லைப் போட்டுக் கொன்றவனும் பிடிபடவில்லை. ஏடுகள் அவனுக்கும் "ஸ்டோன்மேன்" என்று பெயரிட்டன. மாண்ட பதின்மூவருள் பலர் யாரென்றே தெரியவில்லை. திண்ணையில் படுத்த நம் முதியவரும் அப்படிப்பட்டவர்தாம். ரிப்பருக்கு அஞ்ச வேண்டிய அவரையே ரிப்பர் என்று பிடித்தார்கள்.

தந்தையார் இறுதிவரை அந்த இரவைப் பற்றிப் பேசவில்லை. மிக்ஸி வந்தபின் அம்மி கொல்லைப்புறத்தில் கிடக்கிறது. அவர் இட்ட கொத்துகள் ஓரங்களில் இன்னும் தேயாமல் உள்ளன. அவர் பெயர் என்னவென்று நம் வீட்டில் எவரும் கேட்டதில்லை. கூலி பேசியபோது அது தேவைப்படவில்லை.