அடுப்பு எரியாத மூன்று நாள்கள்



உங்கள் வீட்டு அடுப்பு மூன்று நாள்களுக்கு எரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லை. கடைத்தெருவுக்குப் போகப் பாதை இல்லை. குழாயில் வரும் நீர் குடிக்கத் தகுந்ததாக இல்லை. வீட்டில் அரிசி மூட்டை மட்டும் நிறைவாக இருக்கிறது. அதை எவ்வாறு உண்பீர்கள்?

இது வெறுங்கற்பனையன்று. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நான் வாழும் பாலவனத்தம் அமைந்துள்ள விருதுநகர் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையே சராசரியாக 80 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். அதே வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கிக்கொண்டனர். அக்கம்பக்கத்துக் கிராம மக்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்து எடுத்து வந்து அவர்களின் பசியாற்றினர்.

என் தங்கை மகள் காயல்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவள். தண்ணீர் வடிந்து, தொலைபேசி இணைப்புக் கிடைத்ததும் அவள் சொன்னாள்: "மாமா, அரிசி இருந்தது, பருப்பு இருந்தது. கேஸ் சிலிண்டர்தான் கூடத்தில் மிதந்துகொண்டிருந்தது. மாடியில் இருந்த ஒன்பது பேரும் ஒரு டின் ரஸ்க்கையும் இரண்டு பாக்கெட் பேரீச்சம்பழத்தையும் வைத்து இரண்டு நாளை ஓட்டினோம்." செல்வமிருந்தும் பசித்திருந்த அந்த வீட்டைப் பற்றி நான் வெகுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணத்தின் விளைவே இக்கட்டுரை.

எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. உணவைச் சேமிக்கும் கலையை இங்குள்ளோர் பிறரிடம் கற்க வேண்டியதில்லை. குதிரைவாலியையும் வரகையும் உமி நீக்காமல் நன்கு காயவைத்து, மண் குலுக்கையில் கொட்டிச் சேமித்தனர். விதைத் துவரைக்குச் செம்மண் கட்டினர். பயறுகளோடு வேப்பிலைச் சருகைக் கலந்து வைத்தனர். உமி ஒரு கவசம். பூச்சி அதை எளிதில் துளைப்பதில்லை, உள்ளிருக்கும் எண்ணெய்ச்சத்தும் விரைவில் கெடுவதில்லை. ஆனால் கம்பை மாவாக அரைத்துவிட்டாலோ ஓரிரு வாரங்களுக்குள் கசப்பேறிவிடும். எகிப்தின் ஏழாண்டுப் பஞ்சத்திற்கு முன், உண்பதற்கான சிறிதளவு போக எஞ்சிய விளைச்சலைக் கதிரோடு விட்டுவைக்குமாறு யூசுஃப் (அலை) அவர்கள் கூறியதைத் திருமறையிலிருந்து பாடம் நடத்தும்போதெல்லாம், எனக்கு எங்கள் பாட்டனார் காலத்துக் குலுக்கையே நினைவுக்கு வரும்.

ஆயினும் குலுக்கை, மெல்ல வரும் பகைவனுக்காக ஏற்பட்டது. வறட்சி மாதக்கணக்கில் அறிவிப்புத் தந்துவிட்டு வரும். அப்போது உரலும் விறகும் அடுப்பும் நம் கைவசம் இருக்கும். வெள்ளமோ ஓரிரவில் வரும். அது முதலில் பறித்துக்கொள்வது தீயையும் நல்ல தண்ணீரையும்தான். ஆகவே ஆபத்துக்கால உணவைத் தேர்ந்தெடுப்போர், 'இது எத்தனை ஆண்டு கெடாதிருக்கும்?' என்று கேட்பதற்கு முன், 'இதைத் தீயின்றி உண்ண முடியுமா?' என்று கேட்க வேண்டும்.

இதற்கான விடை நம் வரலாற்றிலேயே உள்ளது. கைபர் பயணத்தின்போது ஸஹ்பா என்னுமிடத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் உணவைக் கொண்டுவரச் சொன்னபோது, ஸவீக் மட்டுமே கொண்டுவரப்பட்டது என்றும், அதை நீரில் நனைத்து அனைவரும் உண்டனர் என்றும் புகாரி நூலில் காண்கிறோம். ஸவீக் என்பது வறுத்து இடித்த வாற்கோதுமை அல்லது கோதுமை மாவு. தீயின் வேலையை ஊரிலேயே முடித்துக்கொண்டால், வழியில் தண்ணீர் ஒன்றே போதும். நம் அவலும் பொட்டுக்கடலையும் சத்துமாவும் பொருள்விளங்கா உருண்டையும் இதே அறிவில் பிறந்தவைதாம்.

தானியம் ஒன்றே போதும் என்று எண்ணுவோருக்கு 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் ஒரு பாடம். நிவாரண வேலை செய்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று 1877இல் சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ், அந்த அளவு உழைக்கும் உடலைத் தாங்காது என்றும், தானியத்தைக் கூட்டுவதோடு பருப்பும் காய்கறியும் சேர வேண்டும் என்றும் வாதாடினார். அவ்வாண்டிலேயே அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் மடிந்தோர் திரும்பவில்லை.

இனி, கணக்குக்கு வருவோம். நிவாரணப் பணியாளர்கள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி என்பதை அளவுகோலாகக் கொள்கின்றனர். அவல் 250 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், பேரீச்சம்பழம் 100 கிராம், வறுத்த நிலக்கடலை 75 கிராம், வெல்லம் 50 கிராம் ஆகியவை சேர்ந்தால் ஏறத்தாழ அந்த அளவு வந்துவிடும். மொத்த எடை 575 கிராம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு மூன்று நாளைக்கு ஒன்பது கிலோவுக்கும் குறைவு. அழுத்தமான மூடியுள்ள இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் இது அடங்கிவிடும். குடிக்கவும் அவல் நனைக்கவும் தலைக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்றால் 45 லிட்டர் தண்ணீர் வேண்டும். இரண்டு பெரிய கேன்கள் 40 லிட்டர்தான் கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கப்பல்களின் உயிர்காப்புப் படகுகளில் வைக்கப்படும் கட்டி பிஸ்கட்டைப் பற்றிக் கடலோடும் நம் இளைஞர்கள் அறிவார்கள். ஒருவருக்குக் குறைந்தது 10,000 கிலோ ஜூல், அதாவது சுமார் 2,400 கலோரி உணவும் மூன்று லிட்டர் குடிநீரும் படகில் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. மாவும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்த்து இறுக்கி அடைத்த அத்தகைய பிஸ்கட்டுகள் பொதுவாக ஐந்தாண்டுகள் வரை கெடுவதில்லை. வாங்குவோர், அதிலுள்ள கொழுப்பு தாவர எண்ணெயா, விலங்குக் கொழுப்பா என்பதை உறையில் படித்துப் பார்த்துக்கொள்ளட்டும். இடம் குறைந்த வீட்டுக்கும் பயணத்துக்கும் அவை நல்லவை. ஆயினும் அன்றாடம் உண்டு பழகிய உணவையே பதற்றமான வேளையில் குழந்தைகள் விரும்பி உண்பார்கள்.

சென்ற ஆண்டு மதரஸாப் பிள்ளைகளிடம், அடுப்பு மூட்டாமல் உண்ணத்தக்கவை தங்கள் வீட்டில் எவையெவை எனப் பார்த்து எழுதிவரச் சொன்னேன். முறுக்கு, மிக்சர், பிஸ்கட் என்று பட்டியல்கள் வந்தன. ஒரு சிறுமி மட்டும் எழுந்து, "ஹஜ்ரத், எங்க நன்னிக்குப் பல்லே இல்லையே, அவங்க எதைச் சாப்பிடுவாங்க?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்கோ அதைவிடச் சிறந்த கேள்வி அன்று வரவில்லை என்றே தோன்றியது. ஆபத்துக்கால உணவை வீட்டிலேயே பலவீனமானவரை வைத்து அளக்க வேண்டும். நன்னிக்கு நனைத்த அவலும் கரைத்த சத்துமாவும் பொருந்தும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிழக்கூடும். அவருக்கு வெல்லத்தைக் குறைத்துக் கடலையைக் கூட்டலாம், மயக்கம் வருவதுபோல் தோன்றினால் உடனே உண்ணப் பேரீச்சம்பழத்தை அருகில் வைக்கலாம். பால்குடி மறந்த குழந்தைக்கு வேண்டியதைத் தனியே எழுதிவையுங்கள். வெள்ளத்தைத் தொடர்ந்து வயிற்றுப்போக்கு வருவது இயல்பாதலால், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் சிலவும் வாளியில் இருக்கட்டும்.

இவற்றுள் முதலில் கெடுவது நிலக்கடலை. அதன் எண்ணெய் காறிப்போகும். வெல்லம் மழைக்காலக் காற்றில் ஈரம் இழுத்துக் கசியும். ஆதலின் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் இறுகக் கட்டுங்கள். வாளியைத் தரையில் வைக்காமல் பரணில் ஏற்றுங்கள். மண்ணெண்ணெய், பினாயில் ஆகியவற்றின் அருகே வைக்காதீர்கள்.

'இவ்வாறு சேர்த்துவைப்பது பதுக்கலாகாதா?' என்று சிலர் ஐயுறலாம். விலையேற்றத்தை எதிர்பார்த்து மக்களுக்குத் தேவையான உணவை முடக்குவதே மார்க்கம் தடுத்த பதுக்கல். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கிவைத்ததை உமர் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். எனினும் வெள்ள எச்சரிக்கை வந்தபின் கடைக்கு ஓடி அள்ளிவருவது, அன்றாடம் காய்ச்சியின் பங்கைப் பறிப்பதாகிவிடும். அமைதியான நாளில் சிறுகச் சிறுக வாங்குவதே நேரிய முறை. வாங்கும்போது இன்னும் ஒருவருக்கான பங்கையும் சேர்த்து வாங்குங்கள். சுவருக்கு அப்பால் பசித்த குரல் கேட்கும்போது, நம் பிள்ளையின் பங்கா, அண்டை வீட்டாரின் பங்கா எனத் தயங்கும் நிலை அப்போது வராது.

இறுதியாக ஒன்று. பலரும் ரமலானையொட்டி வீட்டுச் சரக்கைப் புதுப்பிக்கும் வழக்கமுடையவர்கள். நம் பிறையாண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் பதினொரு நாள் குறைவு. ஆதலால் ரமலான் எல்லாப் பருவங்களிலும் சுற்றிவரும். வடகிழக்குப் பருவமழையோ ஐப்பசி, கார்த்திகையை விட்டு அதிகம் விலகுவதில்லை. எனவே இந்த வாளிகளுக்கு மட்டும் புரட்டாசி மாதத்தை நாளாக வைத்துக்கொள்ளுங்கள். பழையதை இறக்கி, கெடுமுன் வீட்டாரே உண்டு தீர்த்து, புதியதை நிரப்புங்கள். நிலக்கடலையை மட்டும் ஆண்டில் மூன்று நான்கு முறை மாற்றுங்கள். தண்ணீரையும் மறவாதீர்கள்.

அந்த வாளிகளைத் திறக்கும் தேவையே நம்மில் எவருக்கும் நேராதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.