லூயிஸ் நகரத்து மதுவிடுதி

லண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து தெற்கே இரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சென்றால் லூயிஸ் என்னும் ஊரை அடையலாம். சுண்ணக் குன்றுகளின் நடுவே, ஊஸ் ஆற்றங்கரையில், பழைய நார்மானியக் கோட்டையொன்றைத் தலைமேல் தாங்கி நிற்கும் சிற்றூர். நாங்கள் சென்ற அன்று ஆற்றுப்பக்கத் தெருக்களில் ஒரு மணம் கமழ்ந்தது. நம் வீடுகளில் கஞ்சி காய்ச்சும்போது எழும் மணத்துக்கு அது நெருங்கிய உறவு. முளைகட்டிய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைக்கும் மணம் அது. 1790-ஆம் ஆண்டில் தோன்றிய ஹார்வி மதுவாலை அங்கே இருக்கிறது.

சங்க ஏட்டில் மதுவைப் பற்றி எழுதுவதா என்று அன்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். எங்களுள்ளும் இருவர் எலுமிச்சைப் பானத்தோடு நிறைவுற்றவர்களே. எனினும் ஆங்குக் கேட்ட செய்தி எழுதத் தக்கது.

ஹார்வியின் புகழ்பெற்ற பீரான 'சஸெக்ஸ் பெஸ்ட்' என்பதில் ஆல்கஹால் நூற்றுக்கு 4 பங்கே. நம் நாட்டில் மிகுதியாக விற்பனையாகும் 'ஸ்ட்ராங்' பீரில் அது 8 பங்கு வரை செல்லும். நம்மவர் பலர் விரைவில் மயங்கவே பருகுகின்றனர். அவ்வூரார் நெடுநேரம் பேசியிருக்கப் பருகுகின்றனர். இத்தகைய மெல்லிய பீருக்கு 'செஷன் பீர்' என்று பெயர். எங்களுக்கு அருகில் இருந்த முதியவர் ஒருவர் குறுக்கெழுத்துப் புதிர் முழுவதையும் முடித்துவிட்டார். 568 மில்லி கொள்ளும் அவருடைய கோப்பையில் பாதி அப்படியே இருந்தது.

பீப்பாயில் அடைத்த பின்னும் இந்தப் பீரில் ஈஸ்ட் உயிரோடிருந்து பக்குவம் செய்கிறது. குளிர்ந்த நிலவறையிலிருந்து கைப்பம்பினால் இறைத்து வார்க்கிறார்கள். பீப்பாயைத் திறந்துவிட்டால் சில நாட்களில் சுவை குன்றிவிடும். ஆகவே பெரிய ஆலைகள் வாயு ஏற்றிய பீருக்கு மாறின. அதை எதிர்த்து 1971-இல் நான்கு இளைஞர்கள் தொடங்கிய 'கேம்ரா' இயக்கம் பழைய முறையைக் காத்தது.

கோட்டையடியில் 'லூயிஸ் ஆர்ம்ஸ்' என்னும் சிறு விடுதி உண்டு. பட்டாணி எறியும் போட்டிகூட நடத்தும் விடுதி அது! 2006-ஆம் ஆண்டின் இறுதியில் அதன் அப்போதைய உரிமையாளரான கிரீன் கிங் நிறுவனம், நடந்தே எட்டக்கூடிய ஆலையின் பீரை நிறுத்திவிட்டுத் தன் பீரை மட்டும் விற்க முற்பட்டது. வாடிக்கையாளர்கள் விடுதியைப் புறக்கணித்தனர். குளிரில் வாயிற்புறத்தில் நின்று, உள்ளே நுழைவோரிடம் தங்கள் வழக்கை எடுத்துரைத்தனர். விடுதி வெறிச்சோடியது. தாமஸ் பெயின் 1768 முதல் 1774 வரை தீர்வை அலுவலராக வாழ்ந்த ஊர். எதிர்த்து நிற்பது அதற்குப் புதிதன்று. 133 நாட்கள் கழிந்தன. 2007 ஏப்ரலில் நிறுவனம் பணிந்தது. ஹார்வியின் பீர் மீண்டது.

"அத்தனை நாளும் எங்கே பருகினீர்கள்?" என்று அந்த முதியவரைக் கேட்டோம்.

"வேறு விடுதிகளில். அங்கெல்லாம் இதே பீர் கிடைத்தது. ஆனால், யார் எங்கே உட்காருவது என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை" என்றார் அவர்.